யாருக்கும் சொந்தமில்லாத சந்தை: கற்பனை உலகில் நடுநிலை வணிக நகரம் ஒன்றைக் கட்டுவது எப்படி

கற்பனை உலகக் கதை எழுதுகிறவர்களின் வரைபடத்தில் ஒரு நகரம் தவறாமல் இருக்கும். மூன்று ராஜ்யங்கள் முட்டிக்கொள்ளும் இடத்தில், ஆற்று முகத்துவாரத்திலோ பாலைவன ஓரத்திலோ, ஒரு பெரிய புள்ளி. பக்கத்தில் ஒரு வரி: ‘பழமையான வணிக நகரம். யார் பக்கமும் சாயாது.’ மேலே ஒரு விவரமும் இருக்காது. பெங்களூரில் வார இறுதிகளில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை ஆடும் தமிழ்க் குழுக்களில், இந்த நகரத்துக்குள் ஆட்டம் நுழைந்த பத்தாவது நிமிஷம் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “இத்தனை பணம் புழங்குற ஊரை வடக்கு ராஜா ஏன் இன்னும் விட்டு வெச்சிருக்கான்?”

நியாயமான கேள்வி. ‘அது புனித நகரம்’, ‘பழைய ஒப்பந்தம் ஒன்று உண்டு’ என்றெல்லாம் சொல்லிச் சமாளிக்கலாம். ஒப்பந்தத்தைக் கிழிக்க ஒரு ராஜாவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நடுநிலை நகரம் ஒன்று நிலைக்க வேண்டுமானால், அதைப் பிடிப்பதைவிட விட்டுவைப்பது ஒவ்வொரு அரசனுக்கும் லாபமாக இருக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் நகரத்தின் தெருக்கள், சட்டங்கள், அதிகாரிகள் எல்லாம் அதிலிருந்தே பிறந்து வரும். போடாவிட்டால் எத்தனை கோபுரம் வரைந்தாலும் அட்டைப்பெட்டிதான்.

கணக்கைக் காகிதத்தில் போடுவோம்

உதாரணத்துக்குத் துலாத்துறை என்று ஒரு ஊர். வடக்கே இரும்பு விளையும் மலைநாடு, மேற்கே நெல் விளையும் சமவெளி, தெற்கே கப்பல் வைத்திருக்கும் தீவரசு. மூவரும் இந்த ஊரில்தான் சரக்கு மாற்றிக்கொள்கிறார்கள். ஆண்டு வணிகம் 12 லட்சம் காசு, சுங்கம் நூற்றுக்கு 5. வரவு 60,000 காசு.

செலவு: மூன்று அரசர்களுக்கும் ஆளுக்கு 10,000 காசு காணிக்கை, அதில் 30,000 போய்விடும். காவலர் 600 பேர், ஆண்டுச் சம்பளம் தலைக்கு 20 காசு, 12,000. துறைமுகம் தூர்வார, கிணறு வெட்ட, கலங்கரை விளக்குக்கு எண்ணெய் ஊற்ற 8,000. மிச்சம் 10,000 தானியக் களஞ்சியத்துக்கு. கையில் ஒன்றும் தங்காது, தங்கவும் கூடாது. கஜானா நிரம்பி வழியும் நகரம் கொள்ளைக்கு அழைப்பு வைக்கும் நகரம்.

இப்போது வடக்கு ராஜா ஊரைப் பிடித்துவிட்டான் என்று வையுங்கள். மற்ற இரண்டு நாட்டு வணிகரும் வேறு துறைக்குப் போய்விடுவார்கள். வணிகம் 4 லட்சமாகச் சுருங்கும். அவன் சுங்கத்தை இரட்டிப்பாக்கி நூற்றுக்கு 10 வாங்கினாலும் வரவு 40,000. இரண்டு எதிரிகளிடமிருந்து ஊரைக் காக்க 3,000 வீரர் வேண்டும், அது 60,000. ஆண்டுக்கு 20,000 நட்டம். முன்பு சும்மா உட்கார்ந்து வாங்கிய 10,000-மும் போச்சு. அவனுடைய இரும்பை வாங்க ஆளும் இல்லை.

இதோடு நிறுத்திவிடுவதுதான் புதிதாக எழுதுகிறவர்கள் செய்யும் பிழை. இன்னும் ஒரு கணக்கு உண்டு. வடக்கும் மேற்கும் சேர்ந்து பிடித்தால்? வணிகம் 8 லட்சம் நிற்கும். நூற்றுக்கு 10 சுங்கம் போட்டால் 80,000. தீவரசன் ஒருவனுக்கு எதிராகக் காவல் காக்க 1,200 வீரர் போதும், 24,000. மிச்சம் 56,000, ஆளுக்கு 28,000. காணிக்கையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு! ஆக, துலாத்துறையின் முதல் பயம் போர் இல்லை. அக்கம்பக்கத்து ராஜாக்கள் இருவர் சம்பந்தம் பேசுவதுதான். வடக்கு இளவரசிக்கும் மேற்கு இளவரசனுக்கும் நிச்சயதார்த்தம் என்று சேதி வந்தால் ஊரே மாலை அனுப்பிவிட்டு, உள்ளுக்குள் வயிற்றில் புளியைக் கரைக்கும். உங்கள் கதைக்கு வேண்டிய சூழ்ச்சி முழுவதும் இந்த ஒரு கூட்டல் கழித்தலுக்குள் கிடக்கிறது.

வரலாற்றில் இதற்குச் சாட்சி உண்டு. 1511-இல் போர்த்துகீசியர், இன்றைய மலேசியக் கரையில் இருக்கும் மலாக்காவைப் பிடித்தார்கள். துறைமுகம் கைக்கு வந்தது, வணிகம் முழுதாக வரவில்லை. முஸ்லிம் வணிகர்களில் பெரும்பகுதி அச்சே, ஜொகூர், பாந்தன் பக்கம் நகர்ந்தது. அச்சே அதற்குப் பிறகுதான் பெரிய மிளகுத் துறையாக எழுந்தது. சந்தையைப் பிடிக்கலாம், சந்தைக்கு வருகிறவனைப் பிடித்துவைக்க முடியாது.

எல்லோருக்கும் கப்பம் கட்டுகிறவன்

நடுநிலை என்றால் யாருக்கும் தலைவணங்காமல் நிமிர்ந்து நிற்பது என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. நடைமுறையில் அது எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தலைவணங்குவது. ஏட்ரியாட்டிக் கடற்கரையில் இருந்த ரகூசா, இன்றைய துப்ரோவ்னிக், உதுமானிய சுல்தானுக்கு ஆண்டுதோறும் 12,500 தங்க டுகாட் கட்டியது. கட்டிவிட்டு, அந்தப் பேரரசுக்குள் சலுகைச் சுங்கத்தில் வணிகம் செய்தது. மறுபக்கம் கத்தோலிக்க இத்தாலியோடும் ஸ்பெயினோடும் உறவாடியது. சிறிய குடியரசு, 1358 முதல் 1808 வரை தாக்குப்பிடித்தது.

அங்கே நகரத் தலைவருக்குப் பதவிக்காலம் எவ்வளவு தெரியுமா? ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் அலுவல் இல்லாமல் மாளிகையை விட்டு வெளியே போகக் கூடாது. ஒரே ஆளை வெளிநாட்டு அரசன் விலைக்கு வாங்கிவிட்டால் நகரமே விலைபோய்விடும் அல்லவா? மாதம் ஒருவர் மாறினால் எத்தனை பேரைத்தான் வாங்குவான்! கற்பனை நகரத்துக்கு ஒரு ‘ஞானப் பெருந்தலைவர்’, முந்நூறு வயது மந்திரவாதி என்று வைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். நடுநிலை நகரத்தில் அதிகாரம் எவ்வளவு சலிப்பூட்டுவதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

ரகூசாவின் இன்னொரு வேலை அதைவிடக் கெட்டிக்காரத்தனம். 1699-இல் தன் நிலத்தின் இரண்டு ஓரங்களையும் சுல்தானிடம் கொடுத்துவிட்டது. பக்கத்திலிருந்த வெனிஸ் நிலவழியாக வர வேண்டுமென்றால் இப்போது சுல்தானின் மண்ணை மிதித்தாக வேண்டும். பலசாலியை வேலியாக நட்டுக்கொண்ட மாதிரி. அந்த ஓரங்களில் ஒன்றான நேயும், இன்றும் போஸ்னியாவின் ஒரே கடற்கரைத் துண்டாக, சுமார் 20 கிலோமீட்டர் நீளத்தில், குரோவேஷியாவை வெட்டிக்கொண்டு நிற்கிறது. உங்கள் வரைபடத்தில் இப்படிக் காரணம் புரியாத ஒரு எல்லைத்துண்டை வரைந்து வையுங்கள். படிப்பவர் கேட்பார், அங்கே கதை தொடங்கும்.

தராசு வீடு

ஒரு நடுநிலை நகரத்தில் மிக முக்கியமான கட்டடம் எது? கோட்டையோ கோயிலோ இல்லை, எடை போடும் இடம். வடக்கத்தியானின் ‘ஒரு பாரம்’ தெற்கத்தியானின் ‘ஒரு பாரம்’ இல்லை. இரண்டு பேரும் நம்புகிற மூன்றாவது பாரம் ஒன்று வேண்டும். அதற்காகத்தான் இருவரும் இவ்வளவு தூரம் வருகிறார்கள்.

சிந்துவெளி நகரங்களில் கிடைத்த எடைக்கற்கள் இதற்கு நல்ல பாடம். செதுக்கிய கனசதுரக் கற்கள். அவற்றில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு கல் ஏறக்குறைய 13.7 கிராம். சிறிய எடைகள் இரண்டிரண்டு மடங்காக ஏறும். ஹரப்பாவிலும், அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லோத்தலிலும் ஒரே முறை. அரசர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது, எடை தெரிகிறது. ‘பழமையான நகரம்’ என்று எழுதும்போது இடிந்த தூண்களை விவரிப்பதைவிட, மூன்று அரச வம்சம் மாறியும் மாறாத ஒரு எடைக்கல்லைக் காட்டுங்கள்.

கல்லை யார் வைத்திருப்பது? அரசன் கையில் இருந்தால் அரசன் சாய்வான். கொல்லத்தில் 849-ஆம் ஆண்டு எழுதப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடு ஒரு வழி காட்டுகிறது: துலாக்கோல், எடை, முத்திரை ஆகியவற்றின் பொறுப்பு அங்கிருந்த கிறித்தவத் தேவாலயத்திடம் ஒப்படைக்கப்பட்டது; அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்கள் பாதுகாவலர். வணிகனும் அரசனும் அல்லாத மூன்றாவது கை. துலாத்துறையில் மூன்று பிரதிகள் வையுங்கள். ஒன்று தராசு வீட்டில் அன்றாடப் புழக்கத்துக்கு, ஒன்று கோயிலில், ஒன்று மூன்று பூட்டுப் பெட்டியில். மூன்று சாவியும் மூன்று நாட்டு வணிகர் தலைவர்களிடம். ஆண்டுக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து ஒப்பிட வேண்டும், ஏனென்றால் புழங்கும் கல் தேயும். தேய்ந்த கல்லை வைத்து எடைபோட்டால் வாங்குகிறவனுக்குக் குறையும், விற்கிறவன் வாயைத் திறக்கமாட்டான்.

ஏமாற்று வகைகள் தெரிந்தால்தான் காட்சி உயிரோடு இருக்கும். தட்டின் அடியில் மெழுகு ஒட்டுவது சின்னப் பையன் வேலை. தேர்ந்த திருட்டு தராசுக் கோலில் நடக்கும்: கோலின் ஒரு பக்கக் கை மற்றதைவிட ஒரு நூல் நீளமாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்கச் சரக்கையும் கல்லையும் தட்டு மாற்றிப் போட்டு இரண்டாம் முறை நிறுக்க வேண்டும். முதல் முறை 100 பலம் (பழைய எடை அளவு), மாற்றிப் போட்டால் 81 பலம் என்று வந்தால், உண்மை எடை அவற்றின் சராசரியான 90.5 அல்ல. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 90. சராசரி எடுத்து எழுதும் எடைக்காரன் அரைப் பலத்தைக் காற்றிலிருந்து உண்டாக்குகிறான். ஆயிரம் மூட்டைக்கு 500 பலம். இது தெரிந்தவன் ஊரில் நாலு பேர்தான் இருப்பான் என்றால், அந்த நாலு பேரில் ஒருவனைக் கதாபாத்திரமாக்குங்கள்.

மிச்சத் திருட்டு சரக்கிலேயே இருக்கும். மிளகை ஈரமாக்கினால் எடை கூடும். பஞ்சும் உப்பும் மழைக்காலத்தில் தாமாகவே ஈரம் இழுத்துக் கனக்கும். அதனால் சித்திரையில் வாங்கிய மூட்டையை ஐப்பசியில் நிறுத்தால் தகராறு நிச்சயம். சாக்கு எடை கழிப்பதில் இன்னொரு சண்டை. பெங்களூர் யஷ்வந்தபுரம் மண்டியில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தால் போதும், எடைமேடை, சாக்குக் கழிவு, தரகு, சுமைக்கூலி என்று ஒரு மூட்டையைச் சுற்றி எத்தனை கை நீளும் என்பது விளங்கிவிடும்.

சுங்கம்: எழுதிவைத்தால் பாதிச் சண்டை தீரும்

சிரியப் பாலைவனத்தில் இருந்த பல்மைரா நகரம் 137-ஆம் ஆண்டில் தன் சுங்க விகிதங்களைப் பெரிய கல்லில் கிரேக்கத்திலும் உள்ளூர் அரமேயத்திலும் வெட்டிவைத்தது. காரணமும் அதிலேயே இருக்கிறது: பல பொருள்களுக்கு வழக்கப்படி வாங்குவதால் வணிகருக்கும் சுங்கக்காரருக்கும் ஓயாத வழக்கு. ஒட்டகச் சுமை, கழுதைச் சுமை என்று பிரித்திருக்கிறார்கள். வாசனைத் தைலம் பளிங்குக் குடுவையில் வந்தால் ஒரு விகிதம், ஆட்டுத்தோல் பையில் வந்தால் வேறு. அதாவது புட்டியைத் திறந்து தரம் பார்க்காமலே பணக்காரச் சரக்கு எது என்று சுங்கக்காரனுக்குத் தெரிந்துவிடும். இந்த மாதிரி ஒரு விவரம் பத்துப் பக்க வர்ணனைக்குச் சமம்.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து போகும் மூட்டைகளுக்குப் புலி முத்திரை குத்தியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. முத்திரை விழுந்த மூட்டைக்கு இரண்டாம் முறை சுங்கம் கேட்க முடியாது என்ற விதியை உங்கள் நகரத்துக்குச் சேர்த்துக்கொண்டால், கள்ள முத்திரை செதுக்கும் தட்டான் ஒருவனும் கூடவே வந்துவிடுவான். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் 1244 வாக்கில் காகதீய அரசர் கணபதி தேவர் வெட்டிய கல்வெட்டு இன்னொரு நல்ல விதி. புயலில் கரை ஒதுங்கும் கப்பலின் சரக்கை முந்தைய அரசர்கள் பறித்துக்கொண்டார்கள், இனி குறித்த சுங்கம் தவிர எதையும் தொடமாட்டோம் என்று அபயம் கொடுக்கிறது. வணிகனைப் பொறுத்தவரை கப்பல் உடைந்த அன்றுதான் ஒரு ஊரின் யோக்கியதை தெரியும்.

சரக்கின் மதிப்பைக் குறைத்துச் சொல்லி ஏமாற்றுபவனை என்ன செய்வது? டென்மார்க் அரசர் தன் நீரிணையைக் கடக்கும் கப்பல்களிடம் அழகான முறை ஒன்றைக் கையாண்டார். மதிப்பை நீயே சொல். ஆனால் நீ சொன்ன விலைக்கே முழுச் சரக்கையும் வாங்கிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. குறைத்துச் சொன்னால் சரக்கு போய்விடும், கூட்டிச் சொன்னால் சுங்கம் ஏறும். சோதனைக்காரனே தேவையில்லை.

காத்திருப்பவர்களின் ஊர்

கடல் வணிக நகரம் என்றால் காற்றைக் கேட்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் வந்தவன் வடகிழக்குக் காற்று வீசும்வரை திரும்ப முடியாது. மாதக்கணக்கில் காத்திருக்கிறான். எனவே நகரத்தில் சத்திரம், கிட்டங்கி, வட்டிக்கடை, வழிபாட்டு இடம், சுடுகாடு, இடுகாடு எல்லாம் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனியாக வேண்டும். வந்தவன் செத்தால் அவன் சரக்கு யாருக்கு என்ற சட்டமும் வேண்டும். இதை மறக்காதவர் குறைவு.

மலாக்கா இதை நான்கு ஷாபந்தர்களை வைத்துச் சமாளித்தது. ஷாபந்தர் என்றால் துறைமுகத் தலைவர். குஜராத்தியருக்கு ஒருவர், சோழமண்டலக் கரைத் தமிழர், வங்காளிகள், பர்மாவின் பெகு, சுமத்ராவின் பாசை வணிகருக்கு ஒருவர், ஜாவா முதலிய தீவுக்காரர்களுக்கு ஒருவர், சீனர், வியட்நாம் கரையில் இருந்த சம்பா நாட்டார், ஜப்பானுக்குத் தெற்கே உள்ள ரியூக்யூ தீவுக்காரர்களுக்கு ஒருவர். கப்பல் வந்தால் அவரவர் ஷாபந்தர்தான் எதிர்கொண்டு கிட்டங்கி ஒதுக்கி, யானை ஏற்பாடு செய்து, தன் கூட்டத்துக்குள் எழும் சச்சரவைத் தீர்ப்பார். இரண்டு கூட்டத்துக்கு இடையே கத்திக்குத்து நடந்தால் என்ன செய்வது என்பதுதான் உங்கள் நகரச் சட்டத்தின் உரைகல். அதை எழுதாமல் வேறு எதை எழுதியும் பயனில்லை.

மொழியும் அப்படித்தான். பெங்களூர் சிக்பேட் துணிக்கடைக்காரர் வாடிக்கையாளரோடு கன்னடத்திலோ தமிழிலோ தெலுங்கிலோ பேசுவார், பக்கத்துக் கடைக்காரரோடு இந்தியில், கணக்கு மட்டும் தன் வீட்டு மொழியில். கற்பனை நகரத்துக்குப் ‘பொது மொழி’ என்று ஒன்றைக் கண்டுபிடித்து எல்லோர் வாயிலும் திணிப்பது சோம்பேறித்தனம். எண்களும் ‘அதிகம்’, ‘நாளைக்கு’, ‘எடை போடு’ என்பது போன்ற நாற்பது ஐம்பது சொற்களும் பொதுவாக இருந்தால் சந்தை ஓடும். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகர்களுக்கு அந்தச் சொற்கள்கூடத் தேவைப்படுவதில்லை.

சோறும் தண்ணீரும்

வணிக நகரம் பெரும்பாலும் தனக்கு வேண்டியதை விளைவிப்பதில்லை. 20,000 பேர் உள்ள ஊருக்கு, தலைக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ என்றால், தினம் 10 டன் அரிசி. பொதிமாடு ஒன்று 100 கிலோ சுமக்கும். தினமும் நூறு மாடு உள்ளே வர வேண்டும். ஆறு மாத முற்றுகையைத் தாங்க 1,800 டன் அரிசி. அரிசியாக வைத்தால் வண்டு விழும், நெல்லாகத்தான் வைக்க வேண்டும். குத்தினால் மூன்றில் இரண்டு பங்குதான் தேறும் என்பதால் 2,700 டன் நெல், 75 கிலோ மூட்டையில் 36,000. பழைய நெல்லை விற்றுப் புதியதை ஏற்றிக்கொண்டே இருக்காவிட்டால், முற்றுகை வந்த அன்று கதவைத் திறந்தால் உமியும் எலியும்தான் இருக்கும்.

பாலைவன நகரமென்றால் தண்ணீர்க் கணக்கு. நன்றாகத் தாகமெடுத்த ஒட்டகம் ஒரே மூச்சில் 100 லிட்டர்வரை குடிக்கும். 500 ஒட்டகக் கூட்டம் ஒன்று வந்தால் 50,000 லிட்டர். ஒரே நாளில் இரண்டு கூட்டம் வந்தால் கிணற்றடியில் ரத்தம் சிந்தும். எந்த வாசல் வழியாக எந்தக் கூட்டம் எந்த நாளில் வரலாம் என்ற அட்டவணை சட்டத்தைவிட முக்கியம்.

பழமையைக் காட்டுவது

பெங்களூர்ப் பேட்டையில் இதற்கு இலவசப் பாடம் இருக்கிறது. 1537-இல் கெம்பே கௌடர் கட்டியதாகச் சொல்லப்படும் ஊர். தொழிலுக்கு ஒரு தெரு. அக்கி என்றால் அரிசி, அக்கிப்பேட்டை. அரளே என்றால் பருத்தி, அரளேபேட்டை. பளே என்றால் வளையல், பளேபேட்டை. இன்று அங்கே போனால் வீணை, தபலா, ஆர்மோனியக் கடைகள். பெயர் ஒன்று, சரக்கு ஒன்று. இந்த முரண்தான் பழமை. துலாத்துறையில் ‘மீன்வாசல்’ கடலிலிருந்து அரை மைல் உள்ளே நிற்கட்டும், ஏனென்றால் ஆறு வண்டல் தள்ளிக் கரை நகர்ந்துவிட்டது. ‘உப்புத் தெரு’வில் இன்று புத்தகம் விற்கட்டும்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பெங்களூர் நடுநிலை ஊர் அல்ல. 1687-இல் மொகலாயர் கைக்குப் போய், பிறகு மைசூர் உடையார் 3 லட்சம் ரூபாய்க்கு வாங்கியதாக வரலாறு. 1791-இல் ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸ் பேட்டையைப் பிடித்தார். விலை பேசக்கூடிய ஊர் அது. நடுநிலை நகரத்துக்கு விலை பேச ஆளே இருக்கக் கூடாது.

எப்படி உடையும்

கி.மு. 166-இல் ரோம், கிரேக்கத் தீவான தீலோஸைச் சுங்கமில்லாத் துறைமுகமாக்கியது. பக்கத்து ரோட்ஸ் தீவின் துறைமுக வரவு 10 லட்சம் திராக்மாவிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கு விழுந்தது. தீலோஸ் செழித்தது, ஆனால் அடுத்தவர் தயவில். கி.மு. 88-இல் ரோமின் எதிரி மித்ரிதாத்திசின் படை ஊரைச் சூறையாடியது, 69-இல் கடற்கொள்ளையர். காப்பவனின் எதிரி உன் எதிரியாகிவிட்டால் நடுநிலை முடிந்தது. பல்மைரா வேறு விதமாக விழுந்தது: படை திரட்டி, செனோபியா ராணி காலத்தில் எகிப்துவரை நாடு பிடிக்கப் போனது, 272, 273-இல் ரோமப் பேரரசர் அவுரேலியன் வந்து முடித்துவைத்தார். மூன்றாவது வகை சத்தமில்லாதது. வணிகப் பாதை மாறிவிடும், ஒரு வாளும் உருவப்படாது, புல் முளைக்கும்.

உங்கள் நகரத்தைச் சோதிக்க மேற்கண்ட கணக்கில் ஒரே ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள். தீவரசன் புது வழி கண்டுபிடித்து அவன் பங்கு வணிகம் பாதியானால் என்ன? வடக்கு மலையில் இரும்பு தீர்ந்தால்? அல்லது இப்படி: காணிக்கைப் பெட்டியோடு போன தூதன் இந்த ஆண்டு பெட்டியோடே திரும்பி வருகிறான். ராஜா முத்திரையைக்கூட உடைக்கவில்லை. வாங்க மறுப்பதென்றால் பிடிக்க முடிவு செய்துவிட்டான். அன்றிரவு துலாத்துறையில் மணி அடிக்காது, முரசு கொட்டாது. மூன்று சாவிக்காரர்களும் தராசு வீட்டுக்கு வருவார்கள், பெட்டி திறக்கும், எடைக்கற்கள் மட்டும் துணியில் சுற்றிப் படகேறும்.